மூத்தோர் உணவும் நம் கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா என்றால் பாட்டு உண்டு, நாடகம் உண்டு, பிள்ளைகளுக்குப் பரிசு உண்டு, முடிவில் அறுசுவை விருந்தும் உண்டு. இத்தகைய மகிழ்ச்சியான வேளையில் ரேஷன் கார்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோமே என்று சிலர் வியக்கக் கூடும். விருந்து உண்ணப் போகும் நேரமே, உண்ண இயலாதவரை நினைப்பதற்கு ஏற்ற நேரம் என்று எண்ணியே இப்பொருளை எடுத்துக் கொண்டோம்.

இரயில்வேயில் நிரந்தர வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் பெரியோர்க்கு மாதந்தோறும் ஓய்வூதியம் வருகிறது. அவர் காலமானால் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. ஆகவே, இக்காலனிக் குவார்ட்டர்ஸுகளில் முதுமையில் உலையில் இட அரிசி இல்லாத நிலை அரிது. ஆனால் காலனிச் சுவரைத் தாண்டிச் சற்று நடந்தால், அங்கேயும் தமிழ் பேசும் முதியோர் இருக்கிறார்கள். பிளாட்பாரத்தில் நாற்பது ஆண்டு மூட்டை சுமந்த போர்ட்டர். கான்ட்ராக்டரிடம் கூலிக்குத் தண்டவாள வேலை செய்தவர். கேன்டீனில் தோசை சுட்டவர். நம் வீடுகளில் பாத்திரம் தேய்த்த அம்மாமார். இஸ்திரி வண்டி வைத்திருந்தவர். கல்யாணங்களுக்குச் சமைத்துப் போட்டவர். இவர்கள் வாழ்நாள் முழுதும் இரயிலை அண்டிப் பிழைத்தவர்கள். இரயில்வே ஊழியர் பட்டியலில் மட்டும் இவர்கள் பெயர் இல்லை. கை கால் ஓய்ந்த நாளில் இவர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை.

இத்தகையோர் நாகபுரியில் மட்டும் இருப்பவர் அல்லர். கிராண்ட் டிரங்க் வண்டி நிற்கும் ஊர்களிலெல்லாம் இருப்பவர்களே.

அன்பர்களே! குழந்தையின் பசி அழுது தெரிவிக்கும். இளைஞனின் பசி கோபமாய் வெளிப்படும். முதியவரின் பசி பேசாது. “சாப்பிட்டாயிற்றா, பாட்டி?” என்று கேட்டால், “ஆயிற்றப்பா” என்றுதான் பதில் வரும். என்ன சாப்பிட்டார் என்று மேலும் கேட்டால் ஒரு தம்ளர் தேநீரும் ஒரு பன்னும் என்று தெரிய வரும். தனியாக இருப்பவர் தமக்கென்று ஒருவருக்காக அடுப்பு மூட்டச் சலித்துக் கொள்கிறார். காலையில் வடித்த சோற்றை நீரூற்றி வைத்து இரவு வரை ஓட்டுகிறார். கோதுமை கிடைத்தால் அதை மாவு மில்லுக்குத் தூக்கிப் போகத் தெம்பில்லை. ரொட்டி செய்தாலோ மெல்லப் பல்லில்லை. கையில் உள்ள காசு மருந்துக்கா, பருப்புக்கா என்ற கேள்வி மாதக் கடைசியில் எழும்போது, பெரும்பாலும் மருந்துதான் வெல்கிறது. வெறும் வயிற்றில் விழுந்த மருந்து என்ன பயன் தரும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இவர்களுக்கு உதவ நாட்டில் ஏற்பாடே இல்லையா என்றால், உண்டு. நிரம்பவே உண்டு. அவ்வேற்பாட்டை நாம் அறிந்து கொள்வது அவசியம். ஏனெனில் அது முதியவரைத் தேடித் தானாக வருவதில்லை.

1995 ஆகஸ்ட் 15-ஆம் நாள் தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம் தொடங்கிற்று. அப்போது மத்திய அரசு ஒருவருக்கு மாதம் 75 ரூபாய் கொடுத்தது. பின்னர் அது 200 ரூபாயாக உயர்ந்தது. 80 வயது கடந்தவருக்கு 500 ரூபாய் என்றாயிற்று. அந்த 200 ரூபாயை வைத்துக் கொண்டு இன்று ஒரு மாதப் பருப்பும் எண்ணெயும் வாங்குவதே கடினம். அதனால்தான் மாநிலங்கள் தம் பங்கைச் சேர்த்துக் கொடுக்கின்றன. நம் மகாராஷ்டிரத்தில் அதற்கு ‘ஷ்ராவண் பாள்’ திட்டம் என்று பெயர். பார்வையற்ற தாய் தந்தையரைக் காவடியில் சுமந்த மகனின் பெயர் அது. 65 வயது நிறைந்து, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 21,000 ரூபாய்க்கு மேற்படாதவர் அதற்கு விண்ணப்பிக்கலாம்; இம்மாநிலத்தில் 15 ஆண்டு வசித்திருக்க வேண்டும். 2023-இல் அத்தொகை மாதம் 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பிழைக்க வந்து முப்பது, நாற்பது ஆண்டாகிவிட்ட நம்மவர்க்கு வசிப்பிடக் கணக்கில் குறையில்லை. அதைக் காட்டும் காகிதம் இல்லாததே குறை.

தானிய உதவியின் வரலாறும் அறியத் தக்கது. தகுதி இருந்தும் ஓய்வூதியம் கிடைக்காத முதியோர்க்காக 2000 ஏப்ரலில் ‘அன்னபூர்ணா’ திட்டம் வந்தது. மாதம் 10 கிலோ தானியம் விலையின்றித் தரவேண்டும் என்பது அதன் ஏற்பாடு. அதே ஆண்டு டிசம்பரில் ‘அந்த்யோதய அன்ன யோஜனா’ வந்தது. மிக வறிய குடும்பங்களுக்கு மிகக் குறைந்த விலையில் தானியம் தருவது அதன் நோக்கம். 2001-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்குத் தொடரப்பட்டது. கிடங்குகளில் தானியம் மலையாய்க் குவிந்திருக்க, மக்கள் பட்டினி கிடப்பதா என்பதே அவ்வழக்கின் கேள்வி. அவ்வாண்டு நவம்பர் 28-ஆம் நாள் நீதிமன்றம் இட்ட ஆணையினால், இத்திட்டங்களின் பயன்கள் மக்கள் கேட்டுப் பெறத் தக்க உரிமைகள் ஆயின. 2003 மே மாதத்தில் மற்றோர் ஆணை. ஆதரவற்ற முதியோர், நோயுற்றோர், விதவைகள் முதலியோரை அந்த்யோதயப் பட்டியலில் சேர்க்குமாறு அது பணித்தது. நிலையான வருவாயோ பிறர் ஆதரவோ இல்லாத 60 வயது கடந்தவரைத் தலைவராகக் கொண்ட குடும்பமும், தன்னந்தனியே வாழும் அத்தகைய முதியவரும் அப்பட்டியலுக்கு உரியவர்கள் என்று விதியிலேயே எழுதப்பட்டது.

பின்னர் 2013-இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. கிராமப்புற மக்களில் 75 விழுக்காடு வரையிலும், நகர்ப்புற மக்களில் 50 விழுக்காடு வரையிலும் அதன் கீழ் வருவர். முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ. அந்த்யோதயக் குடும்பத்திற்கு மாதம் 35 கிலோ. 2023 ஜனவரி முதல் இத்தானியம் விலையின்றியே வழங்கப்படுகிறது. 2024 ஜனவரி முதல் ஐந்தாண்டுக்கு அது நீட்டிக்கப்பட்டுமுள்ளது.

இங்கே ஒரு சிறு கணக்கு. தனியாக வாழும் ஒரு முதியவரிடம் முன்னுரிமை அட்டை இருந்தால் 5 கிலோ கிடைக்கும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 165 கிராம். ஒரு வேளை வயிறாரச் சாப்பிட்டால் மறுவேளைக்குக் கொஞ்சம் மிஞ்சும். அதே முதியவரிடம் அந்த்யோதய அட்டை இருந்தால் அந்த ஒருவருக்கே 35 கிலோ. இரண்டும் இலவசம், இரண்டும் ஒரே கடையில் கிடைப்பவை. ஆயினும் அட்டையின் வகை ஒன்றினால் ஏழு மடங்கு வேறுபாடு. எந்த அட்டைக்குத் தாம் உரியவர் என்று அந்த முதியவருக்கு யார் சொல்வது?

இனி, உரிமை சட்டத்தில் இருந்தும் தட்டில் விழாமைக்குக் காரணங்கள் யாவை என்று பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர் சிலருடன் முதியோர் வீடுகளுக்குப் போய்ப் பார்த்ததில் நாங்கள் கண்டவற்றையே சொல்கிறோம்.

முதற்காரணம் காகிதம். இம்மாநிலத்தில் மஞ்சள், காவி, வெள்ளை என்று மூவகை அட்டைகள் 1999 முதல் உள்ளன. காவி அட்டை வைத்திருப்பவர் எல்லாரும் தானியம் பெறுபவர் அல்லர். நகரத்தில் ஆண்டு வருமானம் 59,000 ரூபாய்க்கு உட்பட்டவர்தாம் முன்னுரிமைப் பட்டியலில் சேர முடியும். அதற்கு வருமானச் சான்று, அதாவது இங்குள்ளோர் ‘தாக்லா’ என்பது, வேண்டும். பழைய அட்டையில் பெயர் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், வங்கிப் புத்தகத்தில் மற்றொரு விதம். நம்மவர் பெயரைத் தமிழில் கேட்டு, மராத்தியில் எழுதி, ஆங்கிலத்தில் பதிந்தால் முடிவில் என்ன வரும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். தாயம்மாள் ஒருவர் மூன்று காகிதங்களில் மூன்று பேராக இருக்கிறார். பசி மட்டும் ஒருவருக்குத்தான்.

இரண்டாவது காரணம், ஊர் மாறியமை. தமிழ்நாட்டு அட்டையோடு மகன் வீட்டுக்கு வந்து தங்கிவிட்ட முதியோர் நம்மிடையே உண்டு. ‘ஒரே நாடு, ஒரே ரேஷன் கார்டு’ என்னும் ஏற்பாடு 2019-இல் நான்கு மாநிலங்களில் தொடங்கி, 2022 ஜூனில் நாடு முழுவதும் பரவிவிட்டது. ஆகவே ஊரில் உள்ள அட்டைக்கு இங்குள்ள கடையில் தானியம் வாங்கலாம். ஒரு குடும்பம் இரண்டு ஊரில் இருந்தால், அங்குள்ளவர் பங்கை அங்கும், இங்குள்ளவர் பங்கை இங்கும் பெறலாம். ஆனால் இதில் ஒரு நுட்பம் உண்டு. இவ்வசதி மத்தியச் சட்டத்தின் கீழ் வரும் அட்டைக்கு மட்டுமே. தமிழ்நாட்டு அட்டையில் ‘பி.எச்.எச்.’ என்றோ, ‘பி.எச்.எச். – ஏ.ஏ.ஒய்.’ என்றோ அச்சிட்டிருந்தால் செல்லும், ‘என்.பி.எச்.எச்.’ என்று இருந்தால் இங்கே செல்லாது. மேலும், இங்கே கிடைப்பது தானியமே. ஊர்க்கடையில் தரும் பருப்பும் பாமாயிலும் சர்க்கரையும் இங்கே அந்த அட்டைக்கு வாரா. வீட்டுக்குச் சென்றதும் பெட்டியிலிருந்து அட்டையை எடுத்து அவ்வெழுத்துக்களைப் பாருங்கள்.

மூன்றாவது காரணம், விரல். கடையில் இப்போது இயந்திரத்தில் விரல் வைக்க வேண்டும். ஐம்பது ஆண்டு சாம்பலும் சோடாவும் பட்டுத் தேய்ந்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? இயந்திரம் மறுக்கிறது, கடைக்காரர், “நாளை வாருங்கள்” என்கிறார், நாளையும் அதே விரல்தான். ஆதார் இல்லை என்றோ, ரேகை பொருந்தவில்லை என்றோ உரியவருக்குத் தானியம் மறுக்கக் கூடாது என்று மத்திய அரசு 2017 அக்டோபரில் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. வேறு அடையாளத்தைப் பார்த்துத் தனிப் பதிவேட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது அவ்வறிவுறுத்தல். நடக்க இயலாதவருக்காக அவர் குறிப்பிடும் ஒருவர் சென்று வாங்கி வரவும் வழி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். இவை தெரிந்த ஒருவர் அருகில் நின்று மரியாதையாக எடுத்துச் சொன்னால், பெரும்பாலும் வேலை நடந்து விடுகிறது. நடக்காவிட்டால் 1967 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் முறையிடலாம். மாவட்டத்தில் குறைதீர்க்கும் அதிகாரி ஒருவரும் சட்டப்படி உண்டு. முதியோர் எவ்வகை உதவிக்கும் 14567 என்ற எண்ணை அழைக்கலாம்.

நான்காவது காரணத்தைச் சொல்லச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டிலுள்ள 18 வயது நிறைந்த பெண்களுள் மூத்தவரே ரேஷன் அட்டைக்குக் குடும்பத் தலைவி. ஆகவே மாமியாரின் படமே அட்டையின் முகப்பில் இருக்கிறது. ஆனால் பந்தியில் அவர் கடைசி. அட்டையில் அவருக்கென்று வரும் 5 கிலோ பானைக்குப் போகிறது. பானையிலிருந்து அவர் தட்டுக்குப் போவது எவ்வளவு? பெற்றோரைப் பேணாத பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பெற 2007-இல் ஒரு சட்டமே இயற்ற வேண்டி வந்தது. அச்சட்டத்திற்கு நம் காலனியில் எவரும் வேலை வைக்கலாகாது.

“இதெல்லாம் சர்க்கார் வேலை, சங்கத்துக்கு இதில் என்ன?” என்று கேட்கும் அன்பர் இருக்கலாம். சர்க்கார் தானியம் கொடுக்கிறது. விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க அது வருவதில்லை. அந்த இடைவெளியில்தான் நமக்கு வேலை இருக்கிறது. மற்றொருவர், “தகுதியில்லாதவர் எத்தனை பேர் வாங்குகிறார்கள், தெரியுமா?” என்பார். இருக்கலாம். தகுதியில்லாதவர் வாங்குவதற்கு, தகுதியுள்ள கிழவி பட்டினி கிடப்பது பரிகாரம் ஆகாதே! இன்னும் சிலர், “நாம்தான் வருடந்தோறும் அன்னதானம் செய்கிறோமே” என்பார்கள். செய்கிறோம், செய்ய வேண்டியதே. அன்று இலையில் உட்கார்ந்தவருக்கு மறுநாளும் பசிக்கும். ஆண்டுக்கு ஒரு நாள் விருந்திட ஆகும் முயற்சியில் பாதியைச் செலவிட்டால், அவர் பெயரை ஓர் அட்டையில் ஏற்றிவிடலாம். அந்த அட்டை மாதந்தோறும் அவருக்கு அன்னம் இடும்.

தானியம் மட்டும் உணவு ஆகுமா என்றால், ஆகாது. முதிய உடலுக்குப் பருப்பும் பாலும் முட்டையும் கீரையும் வேண்டும். உப்பும் எண்ணெயும் அளவோடு வேண்டும். குழைந்த, சூடான உணவு வேண்டும். நம் தாயகம் இதில் ஒரு வழி காட்டியிருக்கிறது. 1982-இல் குழந்தைகளுக்காகத் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில், அடுத்த ஆண்டே முதியோர் ஓய்வூதியம் பெறுவோரையும் சேர்த்துக் கொண்டார்கள். பேரன் உண்ணும் மையத்தில் பாட்டியும் உண்ணலாம் என்றாயிற்று. 2025 ஆகஸ்டில், கடைக்கு நடக்க இயலாத மூத்தோர் வீட்டுக்கே ரேஷன் பொருளைக் கொண்டு சேர்க்கும் ‘தாயுமானவர்’ திட்டமும் அங்கே தொடங்கப்பட்டது. இம்மாநிலத்திலும் 2020 ஜனவரி 26-இல் 10 ரூபாய்க்குச் ‘சிவ போஜன்’ தாலி தொடங்கியது. இரண்டு சப்பாத்தி, காய், பருப்பு, சோறு அதில் உண்டு. சமைத்த உணவே தனித்த முதியவர்க்கு ஏற்றது என்பதை இவ்வேற்பாடுகள் உணர்த்துகின்றன.

ஆதலின், நம் சங்கம் செய்யத் தக்கன என்று நான்கு கருத்துக்களை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, காலனியிலும் அதைச் சுற்றியும் வாழும் 60 வயது கடந்த தமிழ் முதியோர் பெயர்களை ஒரு நோட்டில் எழுதுவோம். தனியாக இருக்கிறாரா, எந்த அட்டை, என்ன ஓய்வூதியம், கடைசியாகத் தானியம் வாங்கியது எந்த மாதம் என்னும் நான்கு செய்திகள் போதும். அந்நோட்டு செயலாளரிடம் பத்திரமாக இருக்கட்டும். அறிவிப்புப் பலகையில் அது ஏறக் கூடாது.

இரண்டாவது, மாதத்தில் ஒரு ஞாயிறு, சங்க அறையில் ஒரு மேசை போடுவோம். நம்மில் பாதிப்பேர் எழுத்தர்கள். பாஸ் விண்ணப்பமும் படிக் கணக்கும் நாள்தோறும் எழுதும் கை நமக்கு உண்டு. எந்தக் காகிதத்தோடு எந்தக் காகிதத்தை இணைக்க வேண்டும், நகலில் எங்கே கையொப்பம் வாங்க வேண்டும், பெற்றுக் கொண்டதற்கு ரசீது கேட்காமல் நகரக் கூடாது என்பதெல்லாம் நமக்குப் பழகிய பாடம். நாம் பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்லர். பலர் மெட்ரிகுலேஷனோடு நின்றவர்கள். இந்த வேலைக்கு அந்தப் படிப்பே ஏராளம். மராத்தி நன்கு பேசும் நம் பிள்ளைகளை உடன் அழைத்துப் போனால் அலுவலகத்தில் பாதி வேலை சுலபமாகும். கைபேசியில் முகம் காட்டி அடையாளம் சரிபார்க்கும் செயலியையும் அவர்களே இயக்கிக் கொடுப்பார்கள்.

மூன்றாவது, ஒவ்வொரு முதியவருக்கும் ஒரு வீடு துணை நிற்கட்டும். கடைக்கு உடன் போவதும், கோதுமையை அரைத்துத் தருவதும், வாரத்தில் இரண்டு நாள் ஒரு கிண்ணம் பருப்புக் குழம்போ கீரைக் கூட்டோ கொண்டு கொடுப்பதும் அவ்வீட்டின் பொறுப்பு. தாய்மார்களே, நீங்கள் மனம் வைத்தால்தான் இது நடக்கும். ஐந்து பேருக்குச் சமைக்கும் அடுப்பில் ஆறாவது வயிறு ஒரு பாரம் ஆகாது.

நான்காவது, இதைச் செய்யும் முறை. கொடுக்கும்போது படம் எடுக்க வேண்டா. மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி ஐந்து கிலோ அரிசிப் பை தர வேண்டா. உழைத்து உண்டவர்கள் அவர்கள். “இது பிச்சையப்பா, வேண்டாம்” என்று கை கூப்பி விட்ட ஒரு பெரியவரை நாங்கள் பார்த்திருக்கிறோம். “ஐயா, இது உங்கள் பங்கு, சட்டம் உங்களுக்கென்று ஒதுக்கி வைத்தது. வாங்காவிட்டால் உங்கள் கணக்கில்தான் தவறிப் போகும்” என்று சொன்ன பிறகே அவர் அட்டையைக் கையில் எடுத்தார். தானம் என்றால் தலை குனிபவர், உரிமை என்றால் நிமிர்ந்து வருவார். நாமும் அவ்வாறே சொல்லிக் கொடுப்போம்.

அன்பர்களே! மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் என்பான் ஒருவன் வருகிறான். மதுரையில் இரந்து வாழ்ந்தவன் அவன். கிடைத்த உணவைத் தான் உண்ணுமுன், கண்ணிலாதவர், காலிலாதவர், ஆதரவற்றவர், நோயாளர் ஆகியோரை அழைத்து உண்பித்து, மிஞ்சியதையே அவன் உண்டான் என்கிறது அக்காப்பியம். அமுதசுரபி அவன் கைக்கு வந்தது அதற்குப் பின்னரே. பாத்திரம் வருமுன்பே அழைக்கும் பழக்கம் அவனிடம் இருந்தது. நம் காலத்தில் நாட்டின் கிடங்குகளில் தானியம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, கடையும் இருக்கிறது. வர இயலாதவரை அழைத்து வரும் ஆள்தான் வேண்டியிருக்கிறது. அந்த ஆளாக இச்சங்கம் இருக்க வேண்டும் என்பதே எங்கள் விண்ணப்பம்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு, காலை பத்து மணிக்கு மேசை போடச் செயலாளர் இசைந்திருக்கிறார். பேனாவும் மூக்குக் கண்ணாடியும் கொண்டு வாருங்கள். வரும்போது உங்களுக்குத் தெரிந்த ஒரு முதியவரையும் கைபிடித்து அழைத்து வாருங்கள்.